கோவிஷீல்டு, கோவாக்சின்: காய்ச்சலை வைத்து மதிப்பெண் போடலாமா?

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்தபோது வரிசையில் முதலில் நின்றவர்கள் டாக்டர்கள், நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர்கள். அவர்களுக்கு வந்தவை இரண்டே இரண்டு மருந்து: புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த கோவிஷீல்டு, ஐதராபாத் பாரத் பயோடெக்கின் கோவாக்சின். எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தப் பெட்டி வந்து இறங்கியதோ அதுதான்.

ஊசி போட்ட மறுநாளிலிருந்தே ஆஸ்பத்திரி கேன்டீன்களில் மூன்று விதமான தீர்ப்பு ஓட ஆரம்பித்தது. "எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல், மருந்து நல்லா வேலை செய்யுது" என்பது ஒன்று. "எனக்கு ஒண்ணுமே இல்ல, தண்ணியப் போட்டுட்டாங்களோ" என்பது இன்னொன்று. ஏப்ரல், மே மாதம் இரண்டாம் அலை வந்ததும் மூன்றாவது சேர்ந்தது: "ரெண்டு டோஸ் போட்டும் பாசிட்டிவ். பின்ன எதுக்கு ஊசி?" இந்த மூன்றும் சரிதானா என்பதை வைத்தே இரண்டு மருந்தையும் இங்கே எடை போடுகிறோம். மூன்றுமே தவறான அளவுகோல் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் மூன்றும் ஒரே காரணத்தால் தவறானவை அல்ல.

வைலும் சிரிஞ்சும்

கோவிஷீல்டு ஒரு வைலில் (மருந்துக் குப்பியில்) 5 மி.லி., அதாவது 10 டோஸ். சிம்பன்சி அடினோவைரஸ் ஒன்றின் முதுகில் கொரோனாவின் ஸ்பைக் (மேற்பரப்பு முள்) புரதத்துக்கான மரபணுவை ஏற்றி அனுப்பும் மருந்து இது. 0.5 மி.லி.யில் சுமார் 5,000 கோடி வைரஸ் துகள்கள். நிறமற்றோ லேசான பழுப்பாகவோ, சற்றே மங்கலாக இருக்கும். குலுக்கக் கூடாது.

கோவாக்சின் நேர் எதிர். கொல்லப்பட்ட முழு வைரஸ் 6 மைக்ரோகிராம், கூடவே நோய் எதிர்ப்பைத் தூண்ட ஆலம் (அலுமினிய உப்பு) சார்ந்த துணைப்பொருள். ஆலம் அடியில் படியும். அதனால் ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் வைலை மெதுவாக அசைத்துக் கலக்கியாக வேண்டும். கலக்காமல் எடுத்தால் சிலருக்கு மருந்து குறைவாகவும் சிலருக்குக் கூடுதலாகவும் போகும். இரண்டு பிராண்டும் மாறி மாறி வந்த மையங்களில் நர்ஸ்கள் பழக்கதோஷத்தில் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். வைல் பெட்டியின் மேல் "குலுக்கு", "குலுக்காதே" என்று மார்க்கரில் எழுதி ஒட்டிவிட்டால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் உறைபனிப் பகுதியில் பட்டுவிட்ட கோவாக்சினைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும். உறைந்தால் ஆலம் கட்டி கட்டியாகத் திரிந்துவிடும். மறுபடி உருகினாலும் பழைய நிலைக்கு வராது. கேரியர் பெட்டியில் வைக்கும் ஐஸ் பேக்கை வெளியே எடுத்து, மேலே வியர்த்து, உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகு அடுக்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

திறந்த வைலை 4 மணி நேரத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். திறந்த நேரத்தை வைல் மேலேயே எழுத வேண்டும். பத்துப் பேர் சேராமல் திறந்தால் மீதி குப்பைக்கு. ஆரம்ப மாதங்களில் ஊழியர்களிடம் இருந்த தயக்கமும் இந்த 10 டோஸ் அமைப்பும் சேர்ந்து என்ன செய்தன என்பதற்கு இரண்டு மாநிலக் கணக்கு போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளியான கணக்கின்படி 2021 ஏப்ரல் 11 வரை தமிழ்நாட்டில் 12.1 சதவீதம் வீண். கேரளமோ மே மாதத் தொடக்கத்தில், வந்தது 73.38 லட்சம் டோஸ், போட்டது 74.26 லட்சம் டோஸ் என்று அறிவித்தது. மந்திரம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வைலிலும் கம்பெனி கொஞ்சம் கூடுதலாக நிரப்பி அனுப்பியது. மருந்து தங்காத சிரிஞ்சும் நிதானமான கையும் இருந்தால் பதினோராவது டோஸ் தேறும். ஆனால் இரண்டு வைலின் மிச்சத்தைச் சேர்த்து ஒரு டோஸ் ஆக்குவது கூடவே கூடாது. மலிவாகக் கிருமி சேர்க்கும் வழி அது.

கை வலி யார் குற்றம்

ஊசி போட்ட இடத்தில் வலி ஒன்றிரண்டு நாள் இருப்பது மருந்தின் வேலை. ஒரு வாரம் தாண்டியும் கையை மேலே தூக்க முடியவில்லை, தலை வார முடியவில்லை என்றால் பெரும்பாலும் அது மருந்தின் குற்றமல்ல, இடத்தின் குற்றம். தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசை தடிப்பாக உள்ள இடத்தில், 90 டிகிரியில் ஊசி இறங்க வேண்டும். போடுபவர் நின்றுகொண்டு, போட்டுக்கொள்பவர் உட்கார்ந்துகொண்டு, சேலை ரவிக்கைக் கையை முழுக்க உயர்த்தாமல் அவசரமாகக் குத்தினால் ஊசி மேலே ஏறித் தோள்மூட்டின் நீர்ப்பையில் போய் மருந்தைக் கொட்டிவிடும். அந்த வீக்கம் மாதக்கணக்கில் இழுக்கும். நாளைக்கு இருநூறு பேருக்குப் போடும் மையங்களில் மதியத்துக்கு மேல் போட்ட ஊசிகளில் இது வருவதில் ஆச்சரியமில்லை. போடுபவரும் உட்கார்ந்துகொள்வதுதான் தீர்வு.

அரை மணி நேரக் காத்திருப்பைப் பலரும் சடங்காகவே எடுத்துக்கொண்டார்கள். அங்கே தெரிந்துவைத்திருக்க வேண்டியது மயக்கத்துக்கும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசம். வெளிறி, வியர்த்து, நாடி மெதுவாகி விழுபவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடத்தில் எழுந்துவிடுவார். நாடி வேகமாகி, தடிப்பு தடிப்பாகி, மூச்சில் விசில் சத்தம் வந்தால் யோசிக்க நேரமில்லை: 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். அவில் என்ற ஒவ்வாமை ஊசியும் ஸ்டீராய்டும் அதற்குப் பிறகுதான். பல மையங்களில் அட்ரினலின் ஆம்பூல் இருந்தது. அதை உறிஞ்சச் சிரிஞ்சு மேசை மேல் இல்லை. அவசர மருந்துக் கிட்டைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

மறுநாள் உடம்பு

கோவிஷீல்டுக்கு இதில்தான் கெட்ட பெயர். இந்திய மருத்துவ சங்கத்தின் (ஐ.எம்.ஏ.) கொச்சிக் கிளை 2021 தொடக்கத்தில் நடத்திய கருத்தெடுப்பில் 5,396 பேர் பதில் சொன்னார்கள். பெரும்பாலும் கோவிஷீல்டு முதல் டோஸ் போட்ட மருத்துவத் துறையினர். மூன்றில் இரண்டு பங்கினர் ஏதாவது ஒரு தொந்தரவு இருந்ததாகச் சொன்னார்கள். அசதி, உடம்பு வலி, காய்ச்சல், தலைவலி என்ற வரிசை. இருபதுகளில் இருப்பவர்களில் ஐந்தில் நால்வருக்கு இருந்த தொந்தரவு, வயது ஏற ஏறக் குறைந்து எண்பதைத் தாண்டியவர்களிடம் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். பெரும்பாலோருக்கு 12 மணி நேரத்துக்குள் ஆரம்பம். இணையவழிப் படிவம் என்பதால் காய்ச்சல் வந்தவர்கள் முந்திக்கொண்டு நிரப்பியிருப்பார்கள், உண்மை விகிதம் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் வயதோடு குறையும் அந்தச் சரிவை யாரும் மறுக்க முடியாது. இந்த மருந்தை உருவாக்கிய ஆக்ஸ்போர்டு குழு பிரிட்டனில் நடத்திய சோதனைகளிலும் அதே சரிவுதான்.

கோவிஷீல்டில் முதல் டோஸ் உலுக்கும், இரண்டாவது சாது. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ ஊசிகளில் இது தலைகீழ். அமெரிக்கா, வளைகுடாவிலுள்ள உறவினர் நர்ஸ்கள் "ரெண்டாவது டோஸ்தான் படுத்திடும்" என்று வாட்ஸ்அப்பில் எச்சரித்ததால், இங்கே முதல் டோஸில் காய்ச்சலில் கிடந்த பலர் இரண்டாவதற்கு வராமல் தள்ளிப் போட்டார்கள். ஊர் மாறினால் ஊசியும் மாறும் என்று சொல்ல ஆளில்லை.

கோவாக்சின் இந்த விஷயத்தில் ரொம்ப மென்மை. 25,798 பேரை வைத்து நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் மருந்து போட்டவர்களில் 12.4 சதவீதம் பேருக்குத் தொந்தரவு. மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களிலும் 12.4 சதவீதம். போலி ஊசிக்கும் தலைவலி வரும் என்பது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. பல நாட்டுக் கொரோனா தடுப்பூசிச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த, 2022 ஜனவரியில் வந்த ஓர் அலசலில், போலி ஊசி போட்டவர்களில் 35 சதவீதம் பேர் முதல் டோஸுக்குப் பின் தலைவலி, அசதி என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் டோஸின் பொதுவான தொந்தரவுகளில் முக்கால் பங்கு எதிர்பார்ப்பால் வருவது என்பது அவர்கள் கணக்கு.

நடைமுறைக்கு வருவோம். கோவிஷீல்டு முதல் டோஸை ஒரே வார்டின் எல்லா நர்ஸ்களுக்கும் ஒரே நாளில் போடக் கூடாது. மாலை காய்ச்சல் ஏறினால் மறுநாள் காலை டூட்டி லிஸ்ட் காலி. ஒரு வார்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். வீக்லி ஆஃபுக்கு முந்தைய நாள் காலை ஷிஃப்ட் முடிந்ததும் போடுவது உத்தமம். நைட் டூட்டிக்குப் போகும் முன் போட்டால் காய்ச்சல் சரியாக நடு இரவில் வந்து நிற்கும்.

பாரசிட்டமால் 650 மி.கி., தேவைப்பட்டால் 6 மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு மொத்தம் 4 கிராம் தாண்டாமல். மாத்திரை போட்டால் மருந்து வேலை செய்யாது என்று ஒரு பேச்சு பரவியது. ஆக்ஸ்போர்டின் முதல் சோதனையிலேயே ஒரு பிரிவினருக்கு ஊசிக்கு முன்பே 1 கிராம், பிறகு 24 மணி நேரம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கொடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவு குறைந்தது, நோயை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடி குறையவில்லை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் பக்கம் முதலில் போக வேண்டாம். நம் ஊரில் அந்தக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், அதில் இந்த மாத்திரைகள் ஆபத்து.

காய்ச்சலா, கொரோனாவா

ஆஸ்பத்திரிகள் அதிகம் கோட்டைவிட்டது இங்கேதான். ஊசிக் காய்ச்சல் என்று விடுப்பு கொடுக்காமல் வேலைக்கு வரச் சொன்ன ஊழியர் நோயைச் சுமந்துகொண்டு வார்டில் சுற்றினார். இன்னொரு பக்கம், வெறும் ஊசிக் காய்ச்சலுக்கு ஒரு வாரம் தனிமைப்படுத்தி ஆள் பற்றாக்குறையை வரவழைத்தார்கள்.

பிரித்துப் பார்ப்பது கடினமல்ல. ஊசிக் காய்ச்சல் 24 மணி நேரத்துக்குள் வந்து 48 மணி நேரத்துக்குள் இறங்கும். இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல், வாசனை தெரியாமை ஆகிய நான்கும் பொதுவாக ஊசியால் வருவதில்லை. ஒன்று இருந்தாலும் ஆர்டி-பிசிஆர் எடுக்க வேண்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் நிற்கவில்லை, அல்லது ஊசிக்கு மூன்று நாள் கழித்துப் புதிதாகக் காய்ச்சல் வந்தது என்றாலும் டெஸ்ட். ஊசியால் ஆர்டி-பிசிஆரோ ஆன்டிஜென் டெஸ்டோ பாசிட்டிவ் காட்டாது. "ஊசி போட்டு அஞ்சாம் நாள் கொரோனா வந்துடுச்சு, ஊசியாலதான்" என்ற புகார்களில் அநேகம், ஊசி போட்ட நாளிலேயே கிருமி உடம்பில் இருந்தவை. அலை உச்சத்தில் மூடிய ஹாலில் நெருக்கியடித்து நின்ற வரிசையும் தன் பங்கைச் செய்திருக்கும்.

இன்னொரு காலக் கணக்கும் உண்டு, அரிதானாலும் உயிர் சம்பந்தப்பட்டது. கோவிஷீல்டு போட்ட 4-ஆம் நாளிலிருந்து சுமார் 6 வாரத்துக்குள் விடாத கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், கால் வீக்கம், அடங்காத வயிற்று வலி. ரத்தம் உறைந்துகொண்டே பிளேட்லெட்டும் குறையும் நோய் இது. 2021 மே மாதம் மத்திய அரசின் பக்கவிளைவுக் குழு 498 தீவிர நிகழ்வுகளை ஆராய்ந்து 26 பேருக்கு இந்த வகை உறைவு இருக்கலாம் என்றது. பத்து லட்சம் டோஸுக்கு 0.61. அதே அறிக்கையில் பிரிட்டனுக்கு 4, ஜெர்மனிக்கு 10 என்ற ஒப்பீடு இருந்தது. நம்மிடம் புகாரைப் பதிவுசெய்யும் பழக்கம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே அந்த 0.61-ஐப் படிக்க வேண்டும். கோவாக்சினில் அப்படி ஒன்றும் பதிவாகவில்லை என்றது குழு.

பிளேட்லெட் குறைந்தால் நம் கை தானாக டெங்கு டெஸ்டுக்குப் போகும். போகட்டும். கூடவே ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் டெஸ்டையும் பாருங்கள். இந்த நோயில் அது விண்ணைத் தொடும். சந்தேகம் வந்துவிட்டால் உறைவைத் தடுக்க வழக்கமாகக் கொடுக்கும் ஹெப்பாரினைக் கொடுக்கக் கூடாது, பிளேட்லெட் ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும், இம்யூனோகுளோபுலின் வேண்டும். வழக்கமான உறைவு வைத்தியத்துக்கு நேர்மாறான முறை என்பதால்தான், ஊசி போட்ட தேதியைக் கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுத வேண்டியிருக்கிறது.

பிறகு தொற்று வந்ததா?

வந்தது. நிறையவே வந்தது. ஆனால் எண்களை அடுக்கிப் பார்த்தால்தான் மருந்து என்ன செய்தது என்பது புரியும்.

வேலூர் சி.எம்.சி. தன் 10,600 ஊழியர்களின் கணக்கை வெளியிட்டது. போட்டவர்களில் 93 சதவீதத்துக்கு மேல் கோவிஷீல்டு. 2021 பிப்ரவரி 21 முதல் மே 19 வரை 1,350 பேருக்குத் தொற்று. இரண்டு டோஸும் முடித்து இரண்டு வாரம் ஆன 7,080 பேரில் 679 பேருக்கு, அதாவது 9.6 சதவீதம். ஒரு டோஸ் மட்டும் போட்ட 1,878 பேரில் 200 பேருக்கு. ஒன்றுமே போடாத 1,609 பேரில் 438 பேருக்கு, 27.2 சதவீதம். மீதி 33 பேர் இரண்டாம் டோஸ் போட்டு இரண்டு வாரம் ஆகும் முன் மாட்டியவர்கள்.

இது வரைக்கும் பார்த்தால் சுமாரான மருந்து. அட்மிஷன் கணக்குக்கு வாருங்கள். இரண்டு டோஸ் போட்ட ஏழாயிரம் பேரில் 64 பேர் அட்மிஷன். போடாத ஆயிரத்து அறுநூறு பேரிலும் அதே 64 பேர். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் 4 பேரும் 11 பேரும். ஐ.சி.யூ. 2 பேரும் 8 பேரும். தொற்றைத் தடுத்தது 65 சதவீதம், அட்மிஷனை 77, ஆக்சிஜனை 92, ஐ.சி.யூ.வை 94. பெருந்தொற்று தொடங்கியதிலிருந்து அங்கே இறந்த ஒரே ஊழியர் பல இணைநோய்கள் உள்ளவர், ஊசி போடாதவர்.

குறையும் சொல்ல வேண்டும். ஊசி போடாதவர்களும் போட்டவர்களும் ஒரே மாதிரி மனிதர்கள் அல்லர். அந்த மாதங்களில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஊசி அனுமதி இல்லை. இளம் நர்ஸ்கள் நிறைந்த ஆஸ்பத்திரியில் போடாதவர் பட்டியலில் அவர்களும் இருந்திருப்பார்கள். ஏற்கெனவே கொரோனா வந்து போனதால் தள்ளிப் போட்டவர்களும் இருப்பார்கள். இவை கணக்கை இரு பக்கமும் இழுக்கும். ஆனாலும் 4-க்கும் 11-க்கும் உள்ள தூரத்தை, அதுவும் கூட்டத்தின் அளவு நாலு மடங்குக்கு மேல் வேறுபடும்போது, இந்தக் காரணங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் எடுத்த கணக்கும் அதே திசைதான்: இரண்டு டோஸ் போட்ட 67,673 பேரில் இறப்பு 4, போடாத 17,059 பேரில் 20.

கோவாக்சினுக்கு நல்ல சோதனைக்களம் டெல்லி எய்ம்ஸ். அங்கே ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்டது அது மட்டும்தான். 2021 ஏப்ரல் 15 முதல் மே 15 வரை, டெல்லியில் கொரோனாவின் டெல்டா வகை தலைவிரித்தாடிய மாதத்தில், அறிகுறியுடன் டெஸ்டுக்கு வந்த 2,714 ஊழியர்களை ஒப்பிட்டதில் இரண்டு டோஸின் பாதுகாப்பு 50 சதவீதம். மூன்றாம் கட்டச் சோதனை சொன்ன 77.8-க்கு இது பெரிய இறக்கம். பத்திரிகைகள் "பாதிதான் வேலை செய்கிறது" என்று தலைப்பிட்டன. அந்த 50 அறிகுறியுள்ள தொற்றைத் தடுப்பதற்கான எண். கோவிட் வார்டில் நாள் முழுக்க நிற்பவரிடம் எடுத்த எண். கடும் நோய்க்கான எண் அல்ல. இந்தச் சூழலில் 50 என்பதை நாங்கள் தோல்வி மதிப்பெண்ணாகப் பார்க்கவில்லை.

கோவிஷீல்டு தரப்பில் யாரும் பேசாத ஓர் அநியாயம் உண்டு. ஆக்ஸ்போர்டு தரவுப்படி இரு டோஸுக்கு இடைவெளி 6 வாரத்துக்குக் குறைந்தால் பலன் 55 சதவீதம். 12 வாரமோ அதற்கு மேலோ ஆனால் 81. இந்தியாவில் மருத்துவ ஊழியர்களுக்கு இரண்டாம் டோஸ் பிப்ரவரி 13 அன்று, சரியாக 4 வாரத்தில் தொடங்கியது. மார்ச் 22-இல் இடைவெளி 6 முதல் 8 வாரமாகவும், மே 13-இல் 12 முதல் 16 வாரமாகவும் நீட்டப்பட்டது. அதாவது, முதலில் கை நீட்டியவர்களுக்கே குறைந்த பலன் தரும் இடைவெளி கிடைத்தது. அவர்களே ஏப்ரலில் டெல்டாவின் எதிரில் நின்றார்கள்.

அப்போது, காய்ச்சல் வந்தவருக்குக் காப்பு அதிகமா?

ஆன்டிபாடி அளவில் கொஞ்சம் தொடர்பு இருக்கிறது. 2024-இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 363 பேரிடம் பார்த்ததில், எம்ஆர்என்ஏ இரண்டாம் டோஸுக்குப் பின் குளிர் நடுக்கம், அசதி, தலைவலி வந்தவர்களுக்கு வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி 1.4 முதல் 1.6 மடங்கு. ஆனால் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரி ஊழியர்கள் 206 பேரிடம் பார்த்தபோது தொந்தரவின் கடுமைக்கும் ஆன்டிபாடி அளவுக்கும் தொடர்பே தென்படவில்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வுக் குழுவின் ஆய்வில் தொந்தரவு வந்தவர்களுக்கு அளவு சற்றுக் கூடுதல். ஆனால் ஒன்றுமே வராதவர்களிலும் ஏறக்குறைய அனைவருக்கும் ஆன்டிபாடி இருந்தது. "தண்ணியப் போட்டுட்டாங்க" என்ற சந்தேகத்துக்கு இதுவே பதில். இவை எல்லாம் எம்ஆர்என்ஏ ஊசிகளின் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆன்டிபாடியிலிருந்து தொற்றுக்குத் தாவும்போதுதான் கால் வழுக்குகிறது. பிரிட்டனில் 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆப்பில் பதிந்த விவரத்தில், ஏற்கெனவே கொரோனா வந்து போனவர்களுக்கு அஸ்ட்ராஜெனகா (நம் கோவிஷீல்டுதான்) முதல் டோஸில் காய்ச்சல் முதலான தொந்தரவுகள் 1.6 மடங்கு அதிகம், ஃபைசரில் 2.9 மடங்கு. இப்போது ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் அறிகுறியே இல்லாமல் கொரோனா வந்து போன நர்ஸுக்கு முதல் டோஸில் 102 டிகிரி காய்ச்சல். ஏப்ரலில் அவருக்குத் தொற்று வரவில்லை. பக்கத்து நர்ஸுக்குக் காய்ச்சல் இல்லை, தொற்று வந்தது. பார்ப்பவர் "காய்ச்சல் வந்தா காப்பு" என்பார். காப்பாற்றியது பழைய தொற்றும் ஊசியும் சேர்ந்து; காய்ச்சல் வெறும் அடையாளம். ஊசிக்கு முன் ஆன்டிபாடி பார்க்காத எந்த ஆஸ்பத்திரிக் கணக்கும் இந்தக் குழியைத் தாண்ட முடியாது.

வயதும் இதில் புகுந்து விளையாடும். இளையவருக்குக் காய்ச்சல் அதிகம், கடும் நோய் குறைவு. ஓய்வு பெறும் வயதில் உள்ள டாக்டருக்குக் காய்ச்சல் இல்லை, நோய் வந்தால் ஆபத்து அதிகம். கோவாக்சினைக் கேட்கவே வேண்டாம்: காய்ச்சலே அளவுகோல் என்றால், போலி ஊசிக்குச் சமமான தொந்தரவுள்ள அந்த மருந்து பூஜ்யம் வாங்க வேண்டும். சோதனையில் கடும் நோய்க்கு ஆளான 16 பேரில் 15 பேர் போலி ஊசிப் பக்கம்.

தொற்று வந்தவர்களிடம் உண்மையில் என்ன குறைவாக இருந்தது என்பதை இஸ்ரேலின் ஷெபா மருத்துவ மையம் பார்த்தது. ஃபைசர் இரு டோஸும் போட்டு, டெஸ்ட் செய்யப்பட்ட 1,497 ஊழியர்களில் 39 பேருக்குத் தொற்று. தொற்று நேர்ந்த சமயத்தில் அவர்களின் ஆன்டிபாடி, தொற்று வராத ஊழியர்களின் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பெரும்பாலும் லேசான நோய் அல்லது அறிகுறியே இல்லை. ஆனால் 19 சதவீதம் பேருக்கு 6 வாரம் கழித்தும் தொந்தரவு நீடித்தது. "லேசானதுதான்" என்று மூன்றே நாளில் டூட்டிக்கு அழைத்த நிர்வாகங்கள் படிக்க வேண்டிய வரி அது.

இந்த ஆய்வைக் காட்டிப் பலர் சொந்தக் காசில் ஆன்டிபாடி டெஸ்டுக்கு ஓடினார்கள். எடுப்பதாக இருந்தால் கிட் எது என்று கேட்க வேண்டும். வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கான கிட்டில் கோவிஷீல்டு பலன் தெரியவே தெரியாது. அந்த ஊசியில் ஸ்பைக் மட்டும்தான். முழு வைரஸ் உள்ள கோவாக்சின் போட்டவருக்கு அதே கிட் பாசிட்டிவ் காட்டலாம், அதைப் பழைய தொற்று என்று தவறாகப் படிப்பார்கள். இந்திய மருத்துவ ஊழியர்களிடம் ஸ்பைக் கிட் வைத்துப் பார்த்த ஆய்வொன்றில் இரு டோஸுக்குப் பின் கோவிஷீல்டு 98.1 சதவீதம், கோவாக்சின் 80 சதவீதம் பாசிட்டிவ். இரண்டு லேபின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் வீண். கிட்டுக்குக் கிட் அலகு வேறு. இத்தனைக்கு மேல் இருந்தால் தொற்று வராது என்ற எல்லைக்கோடு எதையும் ஷெபா ஆய்வு தரவில்லை.

எங்கள் மதிப்பீடு

கோவிஷீல்டு: கடும் நோய்த் தடுப்பில் முதல் தரம், மறுநாள் உடம்பு படுத்துவதில் மோசம், அரிய ரத்த உறைவுக்காக ஒரு பெரிய எச்சரிக்கை. கோவாக்சின்: உடம்புக்கு இதம், தொற்றுத் தடுப்பில் ஒரு படி கீழே, மூன்றாம் கட்ட முடிவு வரும் முன்பே 2021 ஜனவரி 3 அன்று சோதனைமுறை என்ற பெயரில் அனுமதி கொடுத்து, ஊழியர்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியது அந்த மருந்துக்கே இழைத்த அநீதி. டெல்லியில் டாக்டர்களே தயங்கியது, சோதனை முழுமையாக முடியவில்லையே என்றுதான்.

விலை ஊழியர்களுக்குப் பொருட்டில்லை, இலவசம். தனியாரில் 2021 ஜூனில் உச்சவரம்பு கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். 2022 ஏப்ரலில் தனியாருக்கான டோஸ் விலை இரண்டுக்கும் 225 ரூபாய் ஆனது.

2022 ஜனவரி 10 முதல் ஊழியர்களுக்கு மூன்றாவது டோஸ் வந்தது. போட்ட அதே மருந்தையே மறுபடி போடச் சொன்னார்கள். அதற்குள் ஒமிக்ரான் வார்டுகளில் நுழைந்துவிட்டது. இப்போது ஸ்டாஃப் ஹெல்த் ரெஜிஸ்டரில் பிராண்ட், பேட்ச் எண், இரு டோஸ் தேதி, காய்ச்சல் வந்த நேரம், பிறகு வந்த தொற்றின் தேதி ஆகியவற்றோடு ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள்: ஊசிக்கு முன் கொரோனா வந்ததா, ஆம் என்றால் எப்போது. 2021-இல் அந்தப் பத்தி காலியாக இருந்த ரெஜிஸ்டர்களே அதிகம்.